மருந்தும் சுத்தும்

எம். புதுப்பட்டி
9.2.2003

அன்புத் தங்கை பாண்டிச்செல்விக்கு அக்கா மாரித்தாய் எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் என் மாமியார் கருப்பம்மாளும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரர் தம்பி நல்லசிவமும் என் தங்கம் சினேகாவும் எப்படி இருக்கிறீர்கள்? பெங்களூர்க் குளிரில் பிள்ளைக்குச் சளி பிடித்ததாகச் சொன்னாயே, விட்டதா?

போன வாரம் நீ அய்யாதுரை கடைக்குப் போன் போட்டு சினேகாவைப் பேசவிட்டாய் அல்லவா? அந்தக் கடைப் போனுக்கு ஒரு வியாதி. பேசுகிறவர்களின் முதல் எழுத்துகளை முழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் நமக்குக் கொடுக்கும். பிள்ளை ‘பெரியம்மா’ என்றுதான் கூப்பிட்டிருப்பாள். எனக்கு ‘அம்மா’ என்று மட்டும் கேட்டது. நான் பதில் பேசாமல் நின்றேன். லைன் கட்டாகிவிட்டது என்று நீ வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை கூப்பிடமாட்டாளா என்றுதான் நின்றேன்.

அது கிடக்கட்டும். மதுரையில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தோம். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் சுற்றாத கோயில் இல்லை, குடிக்காத கசாயம் இல்லை. இதுதான் கடைசி என்று உன் மச்சான் கூட்டிப் போனார். அவர்கள் ஸ்கேன் எடுத்துவிட்டு முட்டை முட்டை என்றே பேசினார்கள். எனக்கு உன் ஞாபகம் வந்தது. நீயும் முட்டையைத்தானே ஆராய்ச்சி பண்ணுகிறாய்? என் மாமியார் தெரு முழுக்க, “எங்க மருமக தங்கச்சி பெங்களூர்ல பெரிய கோழிப்பண்ணையில இருக்கா” என்று சொல்லி வைத்திருக்கிறார். நானும் மறுக்கவில்லை. என்னவென்று சொல்லி மறுக்க?

அதனால் விவரமாக எழுது. போனில் வேண்டாம். அங்கே பேசினால் கடையே நின்று கேட்கும். பிள்ளைக்கு என் முத்தம்.

உன் அக்கா
மாரித்தாய்


பெங்களூர்
24.2.2003

பிரியமுள்ள அக்காவுக்கு, செல்வி. சினேகாவுக்குச் சளி விட்டு, வாய் மட்டும் விடாமல் ஓடுகிறது. உன் இடுப்பு வலி தேவலையா? வெடிக் கம்பெனியில் நாள் முழுக்க உட்கார்ந்தே சணல் சுத்துகிறாய், நடுநடுவே எழுந்து நட.

கோழிப்பண்ணைக் கதையைக் கேட்டு இவர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் பண்ணையில் கோழி இல்லை, எலிதான் என்று அத்தையிடம் சொல்லிவிடு. எலியாக இருந்தாலும் மனுசியாக இருந்தாலும் சங்கதி ஒன்றுதான். அடிவயிற்றில் இரண்டு பக்கமும் சினைப்பை. பெண் பிறக்கும்போதே அதற்குள் அவளுடைய முட்டைகள் இருக்கும். ஒவ்வொரு முட்டையைச் சுற்றியும் பொடிப்பொடியாக வேறு செல்கள் ஒட்டியிருக்கும். முதலில் ஒரு வரிசை, பிறகு பல வரிசை, பிறகு நடுவில் நீர் கோத்துக் கொப்புளம் மாதிரி வளரும். மாதம் ஒரு கொப்புளம் பழுத்து உடைந்து முட்டை வெளியே வரும். அந்த முட்டையும் சுற்றியிருக்கிற செல்களும் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்று ஒட்டுக்கேட்பதுதான் என் உத்தியோகம். சம்பளமும் தருகிறார்கள்.

டாக்டரம்மா என்ன சொன்னார்? அதை நீ எழுதவே இல்லை.

உன் செல்வி


எம். புதுப்பட்டி
6.4.2003

அன்புத் தங்கை செல்விக்கு. எல்லோரும் சுகமா? விருதுநகரில் பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுத்தேன். கை கொஞ்சம் கன்றிவிட்டது, வேறு ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா மாத்திரை கொடுத்திருக்கிறார், பார்க்கலாம் என்றார். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு இருளம்மாள் வான்கோழி முட்டை வாங்கி வந்து தன் நாட்டுக்கோழிக்கு அடை வைத்திருக்கிறாள். அந்தக் கூறுகெட்ட கோழி தன் முட்டை என்று நினைத்துக்கொண்டு இரை எடுக்கக்கூட இறங்காமல் கிடக்கிறது. நாளைக்கு வான்கோழிக் குஞ்சு வெளியே வந்தால், சூடு கொடுத்ததைத் தவிர அந்தக் கோழிக்கு அதில் என்ன பங்கு? நீ படித்தவள், சொல்லு. முட்டை பெரிசா, சுற்றி இருக்கிறது பெரிசா? யார் சொல்லை யார் கேட்கிறார்கள்?

வைகாசியில் பெங்களூர் வரலாம் என்று இருக்கிறேன். உன்னிடம் நேரில் ஒன்று கேட்க வேண்டும். பிள்ளையையும் பார்த்த மாதிரி இருக்கும். அவளுக்குச் சீனி மிட்டாய் எவ்வளவு எடுத்து வரட்டும்?

உன் அக்கா
மாரித்தாய்


பெங்களூர்
28.4.2003

என் அக்காவுக்கு ஆயிரம் முத்தம். நீ வருவதாக எழுதியதைப் படித்ததிலிருந்து சினேகா பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். கை கன்றல் ஆறியதா?

என்ன பொருத்தமாகக் கேட்டாய் பார்! இந்த மாதம் நான் செய்ததே அதைத்தான். வெகுகாலமாக எல்லோரும் என்ன நினைத்தார்கள் என்றால், சுற்றியுள்ள செல்கள்தான் எல்லாம் செய்கின்றன, முட்டை மகாராணி மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று. இல்லை அக்கா. முட்டைதான் உத்தரவு போடுகிறது. நான் கண்ணாடித் தட்டில் வைத்து முட்டையை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டேன். சுற்றியிருந்த செல்கள் தங்கள் வேலையை மறந்து, கோணிக்கொண்டு, வேறு என்னவோ ஆகிவிட்டன. அதே தட்டில் முட்டைகளைத் திரும்பப் போட்டேன். ஒட்டவில்லை, தொடக்கூட இல்லை, பக்கத்தில் கிடந்தன. அவ்வளவுதான், செல்கள் திருந்திவிட்டன! முட்டையிலிருந்து ஏதோ கசிந்து போய் அவைகளுக்குச் சேதி சொல்கிறது. வெளிநாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், வளர்ந்த முட்டையை எடுத்துப் பிஞ்சுச் செல்களுக்குள் வைத்திருக்கிறார்கள். வந்த முட்டையின் வேகத்துக்கு அந்தச் செல்கள் ஓடுகின்றனவாம்.

நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் முட்டைதான் மருந்து. மற்றதெல்லாம் மேலே சுத்துகிற சணல், வெறும் சுத்து. சுத்து யார் வேண்டுமானாலும் சுத்தலாம், வெடிக்கிறது மருந்துதானே?

சீக்கிரம் வா. எத்தனை மணி பஸ் என்று எழுது, இவர் வந்து நிற்பார்.

உன் செல்வி


பெங்களூர்
20.6.2003

அன்பு அக்காவுக்கு. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? வைகாசி போய் ஆனியும் பிறந்துவிட்டது. நீயும் வரவில்லை, காகிதமும் வரவில்லை. அய்யாதுரை கடைக்குப் போன் போட்டால், “அக்கா வேலைக்குப் போயிருக்காக” என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதையேதான் சொன்னார்கள். சினேகா வாசலில் நிற்பதை விட்டுவிட்டாள். ஒரு வரியாவது எழுது.

செல்வி


எம். புதுப்பட்டி
13.7.2003

செல்விக்கு. நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

சீசன் தொடங்கிவிட்டது. அணுகுண்டு வெடிக்கு ஆர்டர் நிறைய. சணல் சுத்துகிற பிரிவில் ஆள் போதவில்லை என்று ஞாயிறும் கூப்பிடுகிறார்கள். சுத்து யார் வேண்டுமானாலும் சுத்தலாம் என்று நீ எழுதியது சரிதான். நானே சுத்துகிறேனே.

மாரித்தாய்


பெங்களூர்
3.8.2003

அக்கா, நீ சுகமாக இருக்க வேண்டும், அதற்குப் பிறகு என்னைத் திட்ட வேண்டும். உன் காகிதம் சுருக்கென்று குத்தியது. உன் வேலையை இளப்பமாகப் பேசிவிட்டேன் என்று இப்போதுதான் உறைத்தது. நீ சணல் சுத்தின கையால் சோறு தின்று வளர்ந்தவள் நான். தெரியாமல் எழுதிவிட்டேன், மன்னித்துவிடு. நீ கேட்க வந்தது என்ன? அதையாவது எழுது.

உன் செல்வி


எம். புதுப்பட்டி
14.9.2003

செல்வி தாயிக்கு மச்சான் தனுஷ்கோடி எழுதிக்கொள்வது. நீயும் தம்பியும் பாப்பாவும் சௌக்கியமாக இருக்க அம்மன் துணை. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கம்பெனியில் லோடுச் சீட்டு எழுதுவதோடு சரி. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அக்கா உன்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைக்காதே. அவளுக்கு வேலையைப் பற்றியெல்லாம் வருத்தமில்லை. மாசி மாதமே டாக்டரம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். அவளுக்கு இந்த வயசிலேயே முட்டை தீர்ந்துவிட்டதாம். கர்ப்பப்பை நன்றாக இருக்கிறது. வேறு ஒரு பெண் முட்டை கொடுத்தால் என்னுடையதைச் சேர்த்து இவள் வயிற்றில் வைக்கலாம், கூடப்பிறந்தவள், பிள்ளை பெற்றவள் இருந்தால் கேட்டுப் பாருங்கள் என்றார். அதைக் கேட்கத்தான் உன்னிடம் வர இருந்தாள். டிக்கெட்கூட எடுத்துவிட்டோம். அப்போதுதான் உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு, “அப்ப நான் வெறும் சுத்துதானாங்க? பத்து மாசம் சுமந்தாலும் அது அவ பிள்ளைதானா?” என்று கேட்டாள். டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டாள்.

நீ சம்மதிக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை தாயி. அது உன் உடம்பு. அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

தனுஷ்கோடி


பெங்களூர்
9.11.2003

என் அக்காவுக்கு. தீபாவளி லோடெல்லாம் முடிந்து கொஞ்சம் உட்கார்ந்திருப்பாய். இடுப்புக்குத் தைலம் போடுகிறாயா? இவ்வளவு நாள் எழுதாததற்கு சீசன் என்று பொய் சொல்லமாட்டேன். அது உன் சாக்கு.

தீபாவளிக்கு மறுநாள் எங்கள் தெருப் பிள்ளைகள் வெடிக்காத அணுகுண்டுகளைப் பொறுக்கி வந்து, சணலைப் பிரித்துக் காகிதத்தைக் கிழித்து, மருந்தை மட்டும் ஒரு கல்லில் கொட்டினார்கள். ஓடிப்போய்த் திட்டினேன். அதற்குள் ஒருத்தன் தீயை வைத்துவிட்டான். என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாததா? புஸ். கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் புகை. சினேகா, “ஏம்மா சத்தமே வரல?” என்று கேட்டாள். “சுத்து இல்லல்ல, அதான்” என்று சொன்னேன். சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன் அக்கா. சிவகாசிப் பக்கம் பிறந்துவிட்டு உனக்கு என்ன எழுதினேன் நான்? எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

பாதியைத்தான் உனக்கு எழுதியிருக்கிறேன். மீதியையும் கேள். உத்தரவு போடுகிற அந்த முட்டைக்குச் சர்க்கரையை நேராகச் சாப்பிடத் தெரியாது. சுற்றியிருக்கிற செல்கள்தான் அதை வாங்கிப் பக்குவம் பண்ணி ஊட்டுகின்றன. முட்டை போடுகிற பெரிய உத்தரவே ‘எனக்கு ஊட்டு’ என்பதுதான். ஊட்டுகிறவள் இல்லாவிட்டால் மகாராணி பட்டினி.

இன்னொன்று. நான் எழுதியதெல்லாம் முட்டை சினைப்பைக்குள் இருக்கிற காலத்துக் கதை. கர்ப்பப்பையின் கதை வேறு. உன் வான்கோழி முட்டை ஓட்டுக்குள்ளேயே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்துவிடுகிறது, அதனால் கோழி சூடு மட்டும் கொடுத்தால் போதும். மனுசப் பிள்ளை கட்டுச்சோறு கொண்டு வருவதில்லை. எலும்பும் சதையும் மூச்சும் சுமக்கிறவள் ரத்தத்திலிருந்துதான். அதை வெறும் சுத்து என்று எந்த ஆராய்ச்சிக்காரியும் சொல்லமுடியாது.

நீ வான்கோழியைப் பற்றி ஏன் கேட்டாய் என்று எனக்கு இப்போது தெரிகிறது. கேட்க வந்ததை நீ கேட்க வேண்டாம். நானே சொல்கிறேன். மருந்து என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொள். முதலில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஊசிக்கு இல்லை. நாளைக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்கும்போது என் மனசு என்ன செய்யுமோ என்று. அது எனக்கு இன்னும் தெரியவில்லை. இவரிடம் பேசிவிட்டேன், சம்மதித்துவிட்டார். நானும் சம்மதிக்கிறேன்.

உன் செல்வி


எம். புதுப்பட்டி
23.11.2003

என் தங்கச்சி செல்விக்கு. எல்லோரும் நன்றாக இருங்கள், நூறு வருசம் இருங்கள்.

வான்கோழியை வைத்து நீயாகவே கண்டுபிடித்தாயாக்கும், அதை நான் நம்ப வேண்டுமாக்கும். கல்யாணமான நாளிலிருந்து தபாலாபீஸ் பக்கமே போகாத மனுசன் புரட்டாசிக்கு முன்னால் சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு அங்கே போனார். கேட்டால், “சும்மா காத்தாடப் போனேன்” என்கிறார். தபாலாபீசில் என்ன காற்று?

டாக்டரம்மா சொன்னபோது நான் அழவில்லை செல்வி. உன் ஏப்ரல் மாதத்துக் காகிதத்துக்குத்தான் அழுதேன். இப்போது இதற்கும் அழுதாயிற்று. கட்டுச்சோறு என்ற இடத்தில் சிரித்துக்கொண்டே அழுதேன். மாமியார் வந்து பார்த்துவிட்டு, “ஆத்தாடி, தங்கச்சிக்கு என்னமும் ஆயிருச்சா?” என்று பதறிவிட்டார். இல்லை அத்தை, கோழிப்பண்ணையில் முட்டை தருகிறார்களாம் என்றேன்.

வாங்கிக்கொள்கிறேன். வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டியது நான். ஆனால் ஒரு கண்டிசன். பிள்ளை பிறந்தால், ‘அது என்னுடையது’ என்று நீ ஒருநாளும் சொல்லக்கூடாது. நீ சொல்லமாட்டாய், தெரியும். மனசுக்குள்ளும் நினைக்கக்கூடாது. நினைத்தால் எனக்குக் கேட்கும். நான் பொல்லாதவள், உனக்குத்தான் தெரியுமே.

சினேகாவுக்குச் சீனி மிட்டாய் தனிப் பார்சலில் வருகிறது.

உன் அக்கா
மாரித்தாய்


பெங்களூர்
14.3.2004

அன்பு அக்காவுக்கு. வாந்தி தொடங்கிவிட்டதா? எலுமிச்சங்காயை முகர்ந்துகொள். கம்பெனி வாசலைக்கூட மிதிக்காதே, மருந்து வாடையே ஆகாது.

“நின்னுருச்சு செல்வி” என்று நீ போனில் சொன்னபோது முதல் எழுத்துகளை முழுங்கியும் எனக்குப் புரிந்துவிட்டது. மதுரையில் உன்னோடு ஒரே அறையில் இருந்த அந்த நாட்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஊசி போடும்போதெல்லாம் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாயே, குத்து வாங்கியது நீயா நானா என்று நர்சே கேட்டாள்.

நேற்று வேலைக்குப் போனேன். எலியின் முட்டையை எடுத்த பிறகு தட்டில் மிச்சம் கிடந்த செல்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று தெரியவில்லை. இனிமேல் எனக்கு வேலை அதிகமாக இருக்கும். காகிதம் வரவில்லை என்றால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

செல்வி


எம். புதுப்பட்டி
20.2.2005

என் செல்விக்கு அக்கா எழுதுவது. நானும் சுகம், மகளும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? மெய்யாகக் கேட்கிறேன், சடங்குக்கு இல்லை.

பிள்ளை இப்போது முகம் பார்த்துச் சிரிக்கிறாள். நீ அனுப்பிய வெள்ளிக் கொலுசு காலில் கிடக்கிறது. பார்சலைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தேன், ஒரு வரிக் காகிதம் இல்லை. பிள்ளை பிறந்ததற்குத் தம்பி மட்டும் வந்தார். செல்விக்கு வேலை என்றார். பொங்கலுக்கும் வேலை என்றார். எலிகளுக்குப் பொங்கல் லீவு கிடையாதா?

கோபமாகத்தான் பேனாவை எடுத்தேன். உன் பழைய காகிதங்களை எடுத்துப் படித்தேன், கோபம் போய்விட்டது. முட்டையை எடுத்துவிட்டால் சுற்றியிருந்தது தன் வேலையை மறந்து கோணிக்கொள்ளும் என்று நீதான் எழுதியிருக்கிறாய். மதுரையில் அன்றைக்கு உனக்கு என்ன நடந்தது என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். எனக்கு என் ஆசை மட்டும்தான் தெரிந்தது. போதாததற்கு மனசுக்குள்ளும் நினைக்கக்கூடாது என்று கண்டிசன் வேறு போட்டேன். அதற்குப் பயந்துதானே நீ வரவில்லை?

பிள்ளை சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழுகிறது. உனக்கு விழுகிற அதே இடம். இதை உனக்கு எழுதக்கூடாது என்று இத்தனை நாள் வைத்திருந்தேன். “நம்ம வம்சத்துல யாருக்கும் குழி கெடையாதே” என்று மாமியார் கேட்டார். அவள் சின்னம்மாவுக்கு இருக்கிறது என்றேன். சொன்னதும் எனக்குப் பொறாமை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நீ பக்கத்தில் இல்லையே என்றுதான் ஏக்கமாக வந்தது.

திரும்ப ஒட்ட வேண்டாம், தொடக்கூட வேண்டாம், ஒரே தட்டில் கிடந்தால் போதும் என்றும் நீதான் எழுதியிருக்கிறாய். அதனால் வா. பங்குனிப் பொங்கலுக்கு வந்து நாலு நாள் இந்த வீட்டில் கிட. சினேகாவையும் கூட்டி வா, தங்கச்சியைப் பார்க்கட்டும். கண்டிசனை எடுத்துவிட்டேன். நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

அய்யாதுரை கடைப் போனை இன்னும் மாற்றவில்லை. முதல் எழுத்துகளை முழுங்குகிற வியாதி அப்படியேதான் இருக்கிறது. பிள்ளை பேச ஆரம்பித்ததும் அங்கேதான் தூக்கிப் போய், “சின்னம்மா” என்று உன்னைக் கூப்பிடச் சொல்வேன். நீ பதில் பேசாமல் நின்றால், லைன் கட்டாகிவிட்டது என்று நான் வைத்துவிடமாட்டேன். இன்னொரு தடவை கூப்பிடச் சொல்வேன்.

உன் அக்கா
மாரித்தாய்